காபி அஞ்சு டாலர், போட்டோ இருபது டாலர்

அப்பாவுக்குக் கப்பல்ல போகணும்னு ரொம்ப வருஷ ஆசை. 2025 மே மாசம் டிக்கெட் போட்டேன். டிசம்பர்ல சிங்கப்பூர்லேர்ந்து பினாங்கு போய்த் திரும்ப நாலு ராத்திரி. டிக்கெட்டோட செலவு முடிஞ்சுதுன்னு நினைச்சா, ஆரம்பமே அங்கதான் மக்கா! உள்ளே காபி, இணையம், போட்டோ எல்லாமே டாலர்ல. மே மாசம் 85 சொச்சம் இருந்த டாலர், டிசம்பர்ல 90 ரூபாயைத் தாண்டிடுச்சு.

நல்லவேளை, டிப்ஸ், இணையம் ரெண்டையும் மே மாசமே கட்டியாச்சு. ஃபாரெக்ஸ் கார்டுலயும் அப்பவே டாலர் ஏத்தி வெச்சேன். ஏத்தின நாள் ரேட்தான் கணக்கு. என் கிரெடிட் கார்டுன்னா 3.5% தண்டம் வேற. பினாங்குல கப்பல்காரங்க டூர் வேண்டாம்னுட்டேன். ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துலேர்ந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். மாரியம்மன் கோயில், அப்புறம் ஆளுக்கொரு தே தாரேக். அப்பாவுக்கு ஏக குஷி.

கடைசி ராத்திரி, அப்பா கோட்டும் அம்மா பட்டுப்புடவையுமா நின்னதைக் கப்பல் போட்டோக்காரர் எடுத்திருந்தார். அம்மா சிரிச்சிட்டிருந்தாங்க, அபூர்வமா. இருபது டாலர்.

“1800 ரூபாயா? நம்மூர் ஸ்டூடியோல எடுத்துக்கலாம்டா, வா”ன்னு அப்பா நடந்துட்டார். ஏழு மாசமா கணக்குப் போட்டே பழகின நானும் பின்னாடியே போயிட்டேன்.

நேத்து ஃபோன்ல அம்மா கேட்டாங்க, “அந்தப் படத்தை இப்ப வாங்க முடியாதாடா?”

கார்டுல இன்னும் 43 டாலர் மிச்சம் இருக்கு.