வாசலில் காய்ந்த பாய்

எங்கள் தெருவில் காலை வெயில் முதலில் விழுவது எங்கள் வீட்டு வாசலில். அதனால் தம்பி நனைத்த கோரைப்பாயை அலசி, அம்மா அங்கேதான் சாய்த்து வைப்பாள். கொல்லையில் வேப்பமர நிழல். பாய் காயாது, நாற்றமும் போகாது. அவளுக்கு அது வெயில் கணக்கு. தம்பிக்கு அப்படி இல்லை. பால் வாங்கப் போகிறவர்கள், குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நிற்பவர்கள், அவனோடு நாலாம் வகுப்பு படித்த பையன்கள் எல்லாரும் அந்தப் பாயைத் தாண்டித்தான் போவார்கள். 1993-ல் அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசல் வழியாகப் போகாமல் கொல்லைச் சந்தில் சுற்றிக்கொண்டு போவான். ஏன் என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

அம்மா கொடுமைக்காரி இல்லை. தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதித் தாயத்துக் கட்டினாள். பொழுது சாய்ந்த பிறகு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றாள். அவன் தீப்பெட்டியைத் தொட்டால், "தீயோட விளையாண்டா ராத்திரி பாயில போயிருவ" என்று பிடுங்கி வைத்தாள். எதற்கும் நிற்காதபோது விசிறிக் காம்பை எடுத்தாள். அடி விழும்போது தம்பி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குத் தெரியலம்மா." அதை யாரும் நம்பவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, தான் நனைவது தெரியாமலா இருக்கும்?

கல்யாண வீடுகளில் மண்டபத்து ஜமுக்காளத்தில் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகப் படுப்போம். தம்பி மட்டும் இருக்கமாட்டான். சமையல்காரர்கள் விடிய விடியக் காய் நறுக்குவதைப் பார்க்கப் போகிறேன் என்று சமையற்கட்டுக்குப் போய்விடுவான். அவனுக்குச் சமையலில் ஆசை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். தூங்கிவிடக் கூடாது என்று ஒரு சின்னப் பையன் இரவு முழுக்கக் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு உறைக்க முப்பது வருஷம் ஆனது.

பன்னிரண்டு வயதில் அவனுக்கு அது நின்றது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

என் மகனுக்கு எட்டு வயது ஆனபோதும் படுக்கை நனைவது நிற்கவில்லை. கட்டிலில் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய சேலை, அதன்மேல் விரிப்பு. மழைக்காலத்தில் வீடே ஈரத்துணி வாடையாக இருக்கும். அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். "உன் தம்பிய நான் அடிச்சுத்தான் நிறுத்துனேன்" என்றாள். சொன்ன தொனியில் கடுமை இல்லை; கைவைத்தியம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் பதில் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. குழந்தை மருத்துவரிடம் போனோம்.

பகலில் நனைகிறதா, இடையில் ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்ததுண்டா, தாகம் அதிகமா, வெளிக்குச் சரியாகப் போகிறானா என்றெல்லாம் கேட்டார். சிறுநீரில் சர்க்கரையும் கிருமியும் பார்க்கச் சொன்னார். மலம் கட்டிக்கொண்டு கிடந்தால் அது மூத்திரப்பையை அழுத்தும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நோய் எதுவும் இல்லை. பிறகு, இரண்டு நாள் அவன் பகலில் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறான் என்று அளந்து எழுதி வரச் சொன்னார். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், அந்த வயதுப் பிள்ளையின் பை கொள்ள வேண்டிய அளவு மில்லி லிட்டரில் வரும். எட்டு வயதுக்கு 270. என் மகன் 170-ஐத் தாண்டவே இல்லை.

அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடக் கழிப்பறை நாறுகிறது, அதனால் குடிப்பதில்லை என்றான். நான்கரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பான். ஒரு நாள் முழுவதற்கான தண்ணீரும் இருட்டும் நேரத்தில்தான் உள்ளே போகும். சாயங்காலத் தண்ணீரை மட்டும் நிறுத்தியிருந்தால் பிள்ளை வறண்டுதான் போயிருப்பான். பகலில் குடிக்க வைக்க வேண்டும், அதற்குக் கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும். அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு நாலு தடவை நடந்தேன். பிள்ளைகளின் ராத்திரிப் படுக்கைக்கும் பள்ளிக்கூடக் கழிப்பறைக்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கிறதென்று பெற்றோர் கூட்டங்களில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டும்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது?" என்று கேட்டார் மருத்துவர். தம்பியைச் சொன்னேன். தலையாட்டினார். இது பெரும்பாலும் வழிவழியாக வருவது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் எழுபதுக்கு மேல். ராத்திரியில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. சிலருக்குப் பை சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. எப்படியானாலும், நிரம்பியதும் வயிற்றிலிருந்து போகும் தாக்கல் தூக்கத்தைத் தாண்டி மூளையைத் தொடுவதில்லை. ஏழு வயதில் நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு இது உண்டு, பத்து வயதில் ஐந்து பேருக்கு. வருஷத்துக்கு வருஷம், நனைக்கிற பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தானாகவே நின்றுவிடும். விசிறிக் காம்பு நிறுத்தியதாக அம்மா இத்தனை வருஷம் நம்பியது அந்தப் பதினைந்தைத்தான்.

என் மகன் வகுப்பில் 42 பேர். ஆட்டோவில் வரும்போது விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "அப்ப எங்க கிளாஸ்ல இன்னும் மூணு பேரா? யாரும்மா?" எனக்குத் தெரியாதே என்றேன். வீடு வரும்வரை ஒவ்வொரு பெயராக யோசித்துக்கொண்டே வந்தான். முகம் தெளிந்திருந்தது.

மருத்துவர் சொன்ன ஈர அலாரம் தீப்பெட்டி அளவுப் பெட்டி. பனியனின் தோள்பட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் உள்ளே இறங்கி, ஜட்டியில் ஒரு கிளிப்பாக முடிகிறது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் அலறுகிற அலாரத்தைக் காட்டி, என் கணவர் மகனுக்கு விளக்கினார். அங்கே தண்ணீர் இரண்டு கம்பிகளைச் சேர்த்து வைக்கிறது. இங்கே சிறுநீரில் இருக்கும் உப்பு கிளிப்பின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடுகிறது, மணி அடிக்கிறது. உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பகலெல்லாம் அடிக்க வைத்துப் பார்த்தான். சொந்தக் கையால் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்த பிறகு அதன்மேல் இருந்த பயம் போனது.

முதல் ராத்திரி ஒன்று நாற்பதுக்கு அடித்தது. நான் எழுந்தேன், அவர் எழுந்தார், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவன் மட்டும் அசையவில்லை. முதல் வாரங்களில் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெட்டியை நாம் நிறுத்தக் கூடாது. பிள்ளையை உட்கார வைத்து, முகத்தைத் துடைத்து, அவன் விரலாலேயே நிறுத்த வைக்க வேண்டும். பிறகு நடத்திக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் மிச்சத்தை இருக்கவைத்து, உடை மாற்றி, அலாரத்தை மறுபடி மாட்ட வேண்டும். அரைத்தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினால் அன்றைக்குத் துணி பிழைக்கும், மூளை ஒன்றும் கற்றுக்கொள்ளாது. முழுதாக விழித்தானா என்று தெரிந்துகொள்ள, படுக்கும்போது ஒரு சொல் பேசி வைத்துக்கொண்டு, எழுப்பியதும் அதைக் கேட்போம். அவன் பறவைப் பெயர்களாகத் தேர்ந்தெடுத்தான். அன்றைக்கு "மீன்கொத்தி". கேட்டதற்கு "ம்ம்" என்றான். காலையில் அவனுக்கு எதுவும் நினைவில்லை.

மூன்றாவது ராத்திரி அம்மா எழுந்து வந்தாள். பெட்டி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் படுத்திருந்த அவளைக் கிளப்பிய அந்தச் சத்தம், அவன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவன் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினான். நான் அவன் தோளைப் பிடித்தபோது அம்மா என் கையைத் தடுத்தாள். கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இம்புட்டுச் சத்தத்துக்கும் தெரியலையேடி இவனுக்கு" என்றாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அப்ப, அவனுக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

எந்த அவன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ராத்திரி வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். படுக்கையை எங்கள் அறைக்கே மாற்றிக்கொண்டாள். சத்தம் கேட்ட மறுகணம் அவள் குரல் வரும்: "எந்திரிய்யா ராசா, எந்திரி. ஒண்ணுமில்லய்யா." அந்த "ஒண்ணுமில்ல"யை ஒவ்வொரு ராத்திரியும் சொல்வாள். பிறகு, "இன்னைக்கு என்ன பறவை?" பன்னிரண்டாம் நாள் "செம்போத்து, அம்மாச்சி" என்று தெளிவாகச் சொன்னான். அவள் என்னை எழுப்பி அதைச் சொன்னாள்.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. அளந்து எழுதியிருக்காவிட்டால் பாதியில் கைவிட்டிருப்போம். அடித்த நேரத்தையும் ஈரத்தின் அளவையும் நான் எழுதுவேன். அம்மாவின் அளவுகளையே வைத்துக்கொண்டோம்: தாம்பாளம், சாப்பாட்டுத் தட்டு, உள்ளங்கை, ரூபாய்க் காசு. ஒன்று நாற்பது மூன்று மணி ஆனது, பிறகு நாலரை. தாம்பாளம் உள்ளங்கையாகச் சுருங்கியது. சத்தம் கேட்ட உடனே உடம்பு இறுக்கிப் பிடிக்கப் பழகிக்கொண்டது என்று அதற்குப் பொருள். எட்டாவது வாரத்தில் ஒரு காலை அம்மா விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாமி விளக்கை ஏற்றினாள். அவன் ராத்திரி எழுந்திருக்கவும் இல்லை. விடியும்வரை அடக்கிக்கொண்டு தூங்கியிருந்தான். பல பிள்ளைகள் இப்படித்தான் தேறுகிறார்களாம்.

தொடர்ந்து பதினாலு ராத்திரி நனையாமல் இருந்த பிறகு, வேண்டுமென்றே படுக்கும்முன் தண்ணீர் குடிக்க வைத்துச் சோதித்தோம். இரண்டு நாள் நனைந்தது. அவன் அழுதான். ஒரு வாரத்தில் அதுவும் சரியாயிற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அமைவதில்லை; ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் கிடைக்கும், சிலருக்கு நின்றது திரும்பி வரும், மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். கல்யாணம், சுற்றுலா என்று வெளியே தங்கும் இரவுகளுக்கு மருத்துவர்கள் ஒரு மாத்திரையும் தருகிறார்கள். அதைப் போட்டால் தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆனால் அலாரம் வேலை செய்ய, அது அடிக்கும்போது கோபமில்லாமல் எழுந்துவர ஒரு ஆள் வேண்டும். அதிகாலை வேலைக்குப் போகிறவர்கள், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறவர்கள் மூன்று மாதம் இதைத் தாங்குவது லேசான காரியமில்லை. எங்களுக்கு அம்மா இருந்தாள்.

பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். அவன் மகளுக்கு ஆறு வயது. அவளும் நனைக்கிறாள் என்பதை, பையிலிருந்து ரப்பர் ஷீட்டை எடுக்கத் தயங்கியதிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் அலாரத்தைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்து, எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எப்பக்கா வந்துச்சு? இப்பத்தானே?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். 1904-ல் பவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், ஆஸ்பத்திரியில் பிள்ளை நனைத்ததும் நர்ஸுக்குத் தெரிய மணி ஒன்றை அமைத்தார். மணி அடித்த பிள்ளைகளுக்கு நனைப்பதே குறைந்ததைக் கண்டார். 1938-ல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர், முப்பது பிள்ளைகளுக்கு இதைச் சிகிச்சையாகவே செய்து எழுதினார்கள்.

"1938" என்றான். மனதுக்குள் கழித்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது. ஐம்பத்தைந்து வருஷம்.

அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருந்தான். ஈர விரல்கள் கிளிப்பில் பட்டதும் பெட்டி வீடே அதிரக் கீச்சிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா, மாவுக்கையோடு ஓடி வந்தாள்.

"எந்திரிய்யா ராசா, ஒண்ணுமில்லய்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், எதிரே நிற்பது தம்பி என்று கண்டதும் நின்றாள். நாங்கள் மூவரும் நின்றோம். நிறுத்துகிற பட்டன் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. அம்மா அவன் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.