புகை போகும் வழி

ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டின் பழைய ஃபேர்னஸை மாற்றியபோது சில நூறு டொலர்களை மிச்சம் பிடித்தேன். தெரிந்தவர் மூலம் வந்தவரிடம் உரிமம் உண்டா என்று கேட்பது மரியாதைக்குறைவு என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் பூட்டிய இயந்திரத்தில் குறையில்லை. புதுவகை ஃபேர்னஸ் எரிவாயுவின் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்கே தந்துவிடும். வெளியேறும் புகை ஆறியிருப்பதால் பக்கச் சுவரில் துளையிட்டு பிளாஸ்ரிக் குழாய் வழியே அனுப்பிவிடலாம். பழைய ஃபேர்னஸோ வெந்நீர்க் கலனோடு ஒரே செங்கல் புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருந்தது. இப்போது அங்கே கலன் மட்டும் தனித்து நின்றது.

அந்தப் பனிக்காலத்தில், நிலவறையில் படுக்கும் அம்மா காலையில் தலையிடி என்பார். மேலே வந்து சற்றிருந்தால் போய்விடும். முதுமை என்று நினைத்தோம். ஓர் இரவு எச்சரிக்கைக் கருவி அலறியது. 2008 டிசம்பரில் வுட்ஸ்டொக்கில் அடைபட்ட புகைவழியால் ஒரு குடும்பத்தின் நால்வரும் இறந்தார்கள். அதன் விளைவாக ஒன்ராறியோ 2014 இல் கட்டாயமாக்கிய கருவி அது. சட்டத்துக்குப் பயந்து மாட்டியிருந்தேன்.

எரிவாயுவுக்கு, கசிந்தால் தெரியவென்று மணமூட்டியிருக்கிறார்கள். கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் உரிமம் பெற்ற முதியவர் ஒருவர் வந்தார். ஃபேர்னஸைச் சோதித்துத் தலையசைத்தார். பின்பு அம்மாவின் சாமித்தட்டிலிருந்து ஓர் ஊதுவத்தியைக் கேட்டு வாங்கி, எரியும் வெந்நீர்க் கலனின் புகைவாயருகே பிடித்தார். புகை மேலேறவில்லை; அறைக்குள் திரும்பியது.

"தம்பி, ரெண்டு பேருக்குக் கட்டின புகைபோக்கி. ஒராள் விடுற சூடு அதுக்குக் காணாது. குளிர்காத்து கீழ அமுக்குது. இப்பிடி விடுபட்ட கலனை நாங்கள் அனாதை எண்டுதான் சொல்லுவம்."

புகைபோக்கிக்குள் ஒடுங்கிய உலோகக் குழாயொன்றை இறக்கினார். அதன்பின் ஊதுவத்திப் புகை நேராக மேலேறியது.

ஒன்றை அகற்றும்போது அதனோடு சேர்ந்திருந்த மற்றது என்னவாகும் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். உரிமம் என்பது அந்தக் கேள்விக்குத்தான் போலும். அதை நான் காகிதம் என்று எண்ணியிருந்தேன்.

அம்மாவுக்கு இப்போது தலையிடி இல்லை. நான் மிச்சம் பிடித்த காசைப் பற்றி அவர் இன்றுவரை கேட்டதுமில்லை.