பிம்ப்ரியில் பிறந்த வண்டி

புனே நகரிலிருந்து பழைய பம்பாய்ச் சாலையில் வடமேற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால் பிம்ப்ரி வருகிறது. அதை அடுத்தது சிஞ்ச்வாட். பவனா நதிக்கரையில் மோரயா கோசாவியின் சமாதிக் கோயில் இருப்பதால் சிஞ்ச்வாட் நெடுங்காலமாகவே புண்ணியத் தலம். 1954-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை பிம்ப்ரியில் அமைந்தது. 1966-இல் டெல்கோ கம்பெனியார் இங்கே தம் பணிகளைத் தொடங்கினர். அதன்பின் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, ஆலைச் சங்கின் ஒலிக்கு உறங்கும் ஊராயிற்று இது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த ஒலியே கடிகாரமாக இருந்தது.

டெல்கோ 1945-இல் ஜாம்ஷெட்பூரைத் தாயகமாகக் கொண்டு தோன்றிய நிறுவனம். 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு லாரிகளைக் கட்டியது. 1969-இல் அவ்வுடன்படிக்கை முடிந்தது. புனே ஆலையை உருவாக்கிய சுமந்த் மூல்காவ்கர் ஆலை நிலத்தில் ஏரியும் மரச்சோலையும் அமைத்தவர். அவர் பெயரின் இரு சொற்களிலிருந்தும் முதலெழுத்துகளை எடுத்துத்தான் 1994-இல் வெளிவந்த வண்டிக்குச் சுமோ என்று பெயரிட்டார்கள்.

சுமோவை அறியாதவர் இல்லை. அதற்கு ஈராண்டு மூத்ததாகிய எஸ்டேட் என்னும் வண்டியை இன்று நினைப்பவர் சிலரே. 1992-இல் வெளிவந்து, 2000-ஆம் ஆண்டளவில் நின்றுபோன ஸ்டேஷன் வாகன் அது. முன்புறம் கார்; பின்புறம் கூரை தாழாமல் கடைசிவரை நீண்டு, மேல்நோக்கித் திறக்கும் கதவோடு முடியும். பின்னிருக்கையை மடித்தால் ஒரு சிறிய வீட்டுச் சாமானே அடங்கும். ஜெர்மன் மெர்சிடிஸ் வாகனை ஒத்த சாயல் அதற்கு உண்டென்று அக்காலத்தில் எல்லாரும் சொன்னார்கள். 1995-இல் மெர்சிடிஸ் கார்களையே இதே பிம்ப்ரியில் பூட்டத் தொடங்கியது ஒரு சுவையான பொருத்தம்.

ஏழு பேர் ஏறும் புது வண்டிகள் எத்தனையோ இருக்க, இந்தப் பழையதை நாடுவானேன் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினர் ஐவர். என் தாயார் உயரமான வண்டியில் கால் தூக்கி வைத்து ஏற இயலாதவர். ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகும்போது அரிசியும் பருப்பும் பாத்திரமுமாகப் போவதும், புளியும் அப்பளமும் ஊறுகாய்ச் சாடியுமாக வருவதும் நம் வழக்கம். தாழ்ந்த படியும் நீண்ட பின்கட்டும் உள்ள வண்டியே இதற்குத் தகும். மற்றொரு காரணமும் உண்டு. என் தகப்பனார் பிம்ப்ரியின் ஆலையொன்றில் முப்பது ஆண்டுகள் தகட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். கண் மங்குமுன் ஒரு வண்டியைத் தம் கையால் உயிர்ப்பிக்க வேண்டும் என்பது அவர் அவா.

எலும்பும் ஏடும்

2024-ஆம் ஆண்டு முழுவதும் நாங்கள் வண்டி தேடினோம். முதலில் கண்டது புனேயில், ஒரு பங்களாவின் வேப்பமரத்தடியில். என்ஜின் முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது, வண்ணமும் பளபளத்தது. தகப்பனார் என்ஜினைத் திரும்பியும் பாராமல், வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். திருப்புளியால் சட்டத்தை ஓரிடத்தில் அழுத்தினார். அது காகிதத்தில் இறங்குவதுபோல் இறங்கிற்று.

“என்ஜின் கெட்டால் வேறொன்று பூட்டலாம், தம்பி. எலும்பு உளுத்துப் போனால் எதைப் பூட்டுவாய்?” என்றார்.

இந்த வண்டியைப் பொறுத்தவரை அவர் சொன்னது வேதவாக்கு. எஸ்டேட்டின் 1,948 கன சென்டிமீட்டர் டீசல் என்ஜின் அதற்கென்று தனியே செய்யப்பட்டதன்று. 1988-இல் வந்த டாடாமொபில் சரக்கு வண்டியும், 1991-இல் வந்த சியராவும், தொடக்ககாலச் சுமோவும் அதே என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சுமோ 2019 வரை விற்பனையில் இருந்தது. ஆகவே கிளட்ச் தட்டு, தண்ணீர் பம்ப், பிரேக் சிலிண்டர் ஆகியவற்றுக்கு இன்னும் பஞ்சமில்லை. ஆனால் பின்விளக்கின் கண்ணாடி, பின்கதவின் கைப்பிடி, பக்கச் சன்னலின் வளைந்த கண்ணாடி, கதவோர ரப்பர் ஆகியவை எஸ்டேட்டுக்கே உரியவை. அவற்றைச் செய்வார் இன்று இல்லை. எனவே வாங்குபவர் என்ஜினின் ஓசையில் மயங்காமல், உடல் முழுமையாக இருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். துருப்பிடிக்கும் இடங்கள் நான்கு: கதவுகளின் கீழ்ப்படி, மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழி, பின்கதவின் அடி விளிம்பு, முன்கண்ணாடியைச் சுற்றிய வாய்க்கால்.

எலும்புக்கு அடுத்தது ஏடு. நாங்கள் பார்த்த இரண்டாம் வண்டியில் துரு இல்லை. ஆனால் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் கண்ட எண்ணும் ஓரிலக்கத்தில் வேறுபட்டன. விற்பவர் அதை எழுத்துப் பிழை என்றார். பிழையோ பிறிதோ, அந்த ஓரிலக்கம் பின்னாளில் காவல் நிலையம் வரை நம்மை இழுத்துச் செல்லக்கூடும். திரும்பி வந்துவிட்டோம்.

சொந்த உபயோகத்துக்கான மோட்டார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கொருமுறை 25-ஆம் படிவத்தில் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு இக்கட்டணம் ரூ. 5,000 ஆயிற்று, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 என உயர்த்தினார்கள். உரிமை மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். வேற்று மாநிலத்துக்குக் கொண்டுபோக 28-ஆம் படிவத்தில் ஆட்சேபமின்மைச் சான்று. வேற்று மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் நம்மவர் இதை மறத்தலாகாது.

தில்லி வாழ் அன்பர்களுக்கு ஒரு சொல். அங்கே பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. பின்னர் வந்த சலுகைகள் இத்தனை பழைய வண்டிக்கு உதவமாட்டா. தலைநகரிலும் அதன் சுற்றுவட்டத்திலும் இருப்போர் இவ்வாசையை விடுத்தல் நலம். பழம்பெரும் வண்டி என்று தனிப் பதிவு பெறலாமே எனின், 2021-ஆம் ஆண்டு விதிப்படி அதற்கு 50 வயது நிரம்ப வேண்டும். நிரம்பினாலும் அன்றாட உபயோகத்துக்கு அனுமதி இல்லை. எஸ்டேட்டுக்கு அந்த வயது வர இன்னும் பல ஆண்டுகள் உள்ளன.

மூன்றாம் வண்டி சாத்தாரா மாவட்டத்தில் ஒரு கரும்புத் தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது. மேலெல்லாம் கோழி எச்சம். உள்ளே வைக்கோல் கட்டு. 1997-இல் பதிவானது. 2012, 2017, 2022 ஆகிய மூன்று முறையும் முறையாகப் புதுப்பித்திருந்தார் முதல் உரிமையாளரான முதியவர். நான்கு சக்கரமும் காற்றிழந்து மண்ணில் பதிந்திருந்தன. தகப்பனார் ஒரு மணி நேரம் அடியில் கிடந்து எழுந்து வந்து, “இதுதான்” என்றார். முதியவர் விலையை வற்புறுத்தவில்லை. இரும்புக் கடைக்குப் போகாதென்று வாக்குத் தந்தால் போதும் என்றார்.

பேட்டைகளில் தேடுதல்

புனேயில் மோட்டார் உதிரிப் பொருளுக்கு நானா பேட்டையே தலைவாயில். குறுகிய தெருவின் இருமருங்கும் கடைகள். கடைக்காரர்கள் பொருளின் பெயரைக் கேட்பதில்லை. பழைய பொருளைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஏந்தி, உள்ளே சென்று அதன் உடன்பிறப்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்தியும் மராத்தியும் கலந்த பேச்சு. தகப்பனாரை ‘காக்கா’ என்று அழைத்துத் தேநீர் வருவித்துத் தந்த பிறகே விலை பேசினார்கள். பிரேக்கின் மூல சிலிண்டர், சக்கர சிலிண்டர்களின் ரப்பர்கள், குழாய்கள், கிளட்ச் எல்லாம் ஒரே பகலில் கிடைத்தன.

மங்கள்வார் பேட்டையின் ஜூனா பஜார் ஞாயிறும் புதனும் கூடும் பழம்பொருட் சந்தை என்று பெயர் பெற்றது. அங்கே பின்கதவுக் கைப்பிடி ஒன்று, செப்புக் குத்துவிளக்குக்கும் உடைந்த தையல் இயந்திரத்துக்கும் நடுவே அகப்பட்டது. அதைக் கண்டபோது தகப்பனார் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை என் திருமணத்தன்றுகூட நான் கண்டதில்லை.

பின்விளக்கு மட்டும் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் இத்தகைய பொருளுக்குச் சிக்கலியை அடுத்த குதல்வாடிக்குச் செல்வார்கள். பழைய இரும்பும் உடைத்த வண்டிகளும் மலைபோல் குவிந்திருந்த கிடங்குகளின் ஊர் அது. 2025 பிப்ரவரியில் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சி அங்கே அனுமதியின்றி எழுந்தவை என்று ஆயிரக்கணக்கான கட்டடங்களை இடித்தது. நாங்கள் சென்றபோது இருந்தது வெட்டவெளி. அந்தக் கிடங்குகளால் புகையும் தீயும் நேர்ந்ததை அவ்வூரார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயினும் பழைய வண்டிகளுக்கு மருந்துக் கடையொன்று மூடப்பட்டதாகவே எனக்குத் தோன்றிற்று. முடிவில், உடைந்த விளக்கின் துண்டுகளை ஒட்டி அச்செடுத்து, அக்ரிலிக் தகட்டில் புதிதாக வார்த்துத் தந்தார் போசரியில் ஒரு சிறு பட்டறைக்காரர்.

பட்டறையில் ஏழு மாதம்

வேலை வரிசையைத் தகப்பனார் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்தார். முதலில் பிரேக்கு, பிறகு எரிபொருள், பிறகு குளிர்விப்பு, பிறகு டிங்கரிங், வண்ணம் கடைசி. பலர் வண்ணத்தில் தொடங்கிப் பணத்தை அங்கேயே தீர்த்துவிடுகிறார்கள் என்பது அவர் கருத்து.

எரிபொருளில் ஒரு நுட்பம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருப்பதில்லை. காற்றுக்கு அது நல்லது. ஆனால் பழைய டீசலில் ஊறிக் கிடந்த பம்பின் ரப்பர் வளையங்கள் புது டீசல் பட்டதும் சுருங்கிக் கசியலாம். எங்கள் வண்டியில் அப்படித்தான் கசிந்தது. பம்ப் கடையில் வளையங்களையெல்லாம் வைட்டான் என்னும் உயர்ந்த ரப்பராக மாற்றி, அளவு சரிபார்த்து, நாசில்களையும் புதுப்பித்தோம். தொட்டியைக் கழற்றிக் கழுவியபோது கைப்பிடி துரு வந்தது. ரேடியேட்டரின் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். இவை முடிந்தபின் புகைச் சோதனையில் வண்டி தேறியது. பதிவெண் பலகையும் புது விதிப்படி உயர்பாதுகாப்புப் பலகையாக மாறிற்று. வாங்கிய விலையைப்போல் இருமடங்கு பழுதுபார்ப்புக்குச் சென்றது.

கீழ்ப்படியில் துருவேறிய ஒரு முழம் தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு பொருத்தியவர் தகப்பனாரே. கை நடுங்கிற்று. வெல்டிங் பிடியை இளம் தொழிலாளி ஒருவனிடம் கொடுத்து, அவன் மணிக்கட்டைத் தாம் பிடித்துக்கொண்டு இழுத்தார். மறுநாள் அவனே தனியாக இழுத்தான்.

இவ்வளவும் செய்தபின் ஒரு கேள்வி எஞ்சியது. குழந்தைகளை இதில் ஏற்றலாமா? இவ்வண்டியில் காற்றுப்பை இல்லை. பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவியும் இல்லை. புது வண்டிக்கு இது இணையாகாது. என் மனைவி இதை வெளிப்படையாகவே சொன்னாள், சொன்னது நியாயம். ஆகவே சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டோம். பின்னிருக்கையில் மூவருக்கும் புது இடுப்பு-தோள் வார்கள் பூட்டினோம். அவற்றைத் தாங்க உடலில் தடித்த தகடு வைத்து இறுக்கினோம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வாரோ பாதுகாப்பு இருக்கையோ இன்றிச் செல்லலாகாது என்பது சட்டமும் ஆகும். மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை; இருட்டிய பின் ஓட்டுவதில்லை; மழைக்காலத்தில் நெடும் பயணம் இல்லை. இவற்றுக்கு உடன்படாதவர் இத்தகைய வண்டியைக் குடும்பத்துக்கென்று வாங்குதல் தகாது.

தென்திசைச் சாலை

2026 சனவரியில் ஊர் சென்றோம். புனேயிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 840 கிலோமீட்டர். முன்பு 4 என்றும் இப்போது 48 என்றும் எண்ணிட்ட தேசிய நெடுஞ்சாலை. கம்பாட்கி மலையேற்றத்தில் லாரிகளின் பின்னே இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறினோம். வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. சாத்தாராவில் அந்தக் கரும்புத் தோட்டத்து முதியவரைக் கண்டோம். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்து, ஒரு மூட்டை வெல்லத்தை உள்ளே வைத்தார். கோலாப்பூரில் முதல் இரவு. சித்ரதுர்க்கத்தில் இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் பெங்களூரைக் கடந்து, ஓசூர் வழியே கிருஷ்ணகிரியை அடைந்தோம். என் தாயார் வழியெல்லாம் எவர் துணையுமின்றித் தாமே ஏறினார், தாமே இறங்கினார்.

சியரா என்ற பெயரை 2025 நவம்பரில் ஒரு புது வண்டிக்குச் சூட்டி மறுபடி கொணர்ந்தார்கள். எஸ்டேட்டுக்கு அந்தப் பேறு இதுவரை இல்லை. எஞ்சியவை கொட்டகைகளிலும் மரத்தடிகளிலும் நிற்கின்றன. அவற்றை அறிந்த கைகளும் ஆண்டுதோறும் குறைகின்றன. பிம்ப்ரியிலும் சிஞ்ச்வாட்டிலும் ஓய்வு பெற்று வாழும் நம் பெரியவர்களுள் தகடு அறிந்தோர், பம்ப் அறிந்தோர், கியர்ப்பெட்டி அறிந்தோர் பலர் உளர். வண்டி வாங்க எண்ணும் அன்பர்கள் விற்பவரைக் காணுமுன் இப்பெரியவர்களுள் ஒருவரைக் கண்டு, அவரையும் உடன் அழைத்துச் செல்க. திருப்புளியை அவரிடம் கொடுங்கள். சாக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.