மூன்று ஓட்டும் முப்பது வருஷக் கார்டும்



தேர்தல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஓட்டுச்சாவடியும் விரலில் வைக்கும் மையும்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு தேர்தல் நடந்து முடிந்துவிடுகிறது. அது கட்சிக்குள்ளே நடப்பது. அதில் ஓட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர். முடிவு என்ன ஆகுமோ என்று வெளியே நின்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் லட்சம் பேர். அந்த லட்சத்தில் என் அப்பாவும் ஒருவர். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். காடாம்புலியூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கிக் கேட்டால் வேட்டிக் கரையைச் சொல்லியே அடையாளம் காட்டுவார்கள்!

குடவோலை முறையைப் பற்றி ஒவ்வோர் ஆண்டு மலரிலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். அதை விட்டுவிட்டு 1940-க்கு வருகிறேன். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல். சத்தியமூர்த்தி அணியின் சார்பில் காமராஜர், ராஜாஜி அணியின் சார்பில் சி.பி. சுப்பையா. எண்ணி முடித்தபோது காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்றே மூன்று ஓட்டு! இரண்டு பேர் மனசு மாறிப் போட்டிருந்தால் போதும், தமிழ்நாட்டின் கதையே வேறு. 1954-ல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல் வந்தபோது காமராஜருக்கு 93, எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13-ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றவர், தோற்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். ஜெயித்தவர் தோற்றவரை நடத்திய விதம் எனக்கு அந்த 93-ஐ விடப் பெரிதாகத் தெரிகிறது.

அதற்கு முந்தைய வருஷம், 1939 ஜனவரியில், அகில இந்தியத் தலைவர் பதவிக்கு சுபாஷ் சந்திர போஸும் பட்டாபி சீதாராமையாவும் மோதினார்கள். மாகாணம் மாகாணமாகப் பிரதிநிதிகள் ஓட்டுப் போட, மாகாணம் மாகாணமாகவே முடிவு வெளிவந்தது. வங்காளம் போஸ் பக்கம், குஜராத் பட்டாபி பக்கம் என்று ஜனங்கள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கணக்கு 1,580-க்கு 1,377. போஸ் ஜெயித்தார். ஜெயித்தும் சில மாதங்களில் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று என்பது வேறு கதை.

2022 அக்டோபரில் அதே காங்கிரஸ் தலைவர் தேர்தலில் கார்கேவுக்கு 7,897 ஓட்டு, சசி தரூருக்கு 1,072, செல்லாதவை 416. ஆனால் இந்தத் தடவை எண்ணுவதற்கு முன் எல்லா மாநிலச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று தெரியக் கூடாதாம். பிரதிநிதிக்குப் பாதுகாப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரை அனுப்பிய ஊர்க்காரன் "நீ யாருக்குய்யா போட்டே?" என்று எப்படிக் கேட்பான்?

அந்த வருஷம் ஜூலை 11-ஆம் தேதி எங்கள் ஊர் டீக்கடையைப் பார்த்திருக்க வேண்டும். சென்னை வானகரத்தில் அ.தி.மு.க. பொதுக்குழு. கூட்டம் நடக்கலாமா என்று ஐகோர்ட் தீர்ப்பே அன்று காலையில்தான் வந்தது. பலாப்பழ லோடு ஏற்ற வந்தவர்கள், சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள், எல்லாக் கட்சிக்காரரும் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மண்டபத்துக்குள் கை தூக்கியவர்கள் பொதுக்குழு உறுப்பினர்கள். இங்கே டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டு வாதாடியவர்கள் சாதாரண உறுப்பினர்கள். எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனார், ஓ. பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். ஒரு பெரியவர், "எம்.ஜி.ஆர். வச்ச சட்டப்படி பொதுச்செயலாளர உறுப்பினருங்கதான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். எனக்கு எப்ப ஓட்டு வரும்?" என்று கேட்டார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கே போட்ட புதிய விதிப்படி, நிற்பவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச் 28-ல் பழனிசாமி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். பெரியவருக்கு ஓட்டுப் போடும் வேலை வரவில்லை. ஒரு கட்சியை மட்டும் சொல்வதாக நினைக்காதீர்கள். அதே 2022 அக்டோபரில் தி.மு.க. பொதுக்குழுவிலும் தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் மூவரும் போட்டியின்றியே வந்தார்கள்.

அப்புறம் எங்கள் ஊரில் அப்பாவின் கட்சிக்குக் கிளைத் தேர்தல் வந்தது. கிளையில் தொடங்கி ஒன்றியப் பிரதிநிதி, மாவட்டப் பிரதிநிதி, பொதுக்குழு உறுப்பினர் என்று ஏணி மாதிரி மேலே போகிறது அந்த முறை. ஒருநாள் ராத்திரி இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பாரத்தில் எல்லாப் பதவிக்கும் பெயர் எழுதியிருந்தது.

"அண்ணே, எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

எங்கள் வீட்டில் அச்சடித்த எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஆயாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அப்பா கட்சி விதிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். முப்பது வருஷமாகக் கார்டு வைத்திருக்கிறார், புத்தகமும் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, அதைப் பிரித்துப் படித்தவர் யாரும் இல்லை. கிளைப் பதவிகளுக்கு உறுப்பினர்கள் ஓட்டுப் போடலாம், யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று இருந்ததைப் படித்தேன்.

"யார் வேணும்னாலும்னு போட்டிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுடா."

"ஆமாம்ப்பா, போட்டிருக்கு."

அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார். "அப்ப ஒன்றியப் பிரதிநிதிக்கு என் பேரையும் எழுதிக்கங்க" என்றார். வந்தவர்கள் முகத்தைப் பார்க்கணுமே! முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த கையோடு அம்மா வாசலில் வந்து நின்றாள். "உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றாளே தவிர, தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம். சீட்டு இல்லை, கை தூக்குவதுதான். அப்பாவுக்குப் பதினொரு கை, எதிர்த்து நின்றவருக்குப் பத்தொன்பது. தூக்கலாமா வேண்டாமா என்று பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டே பாதியில் நின்ற கைகளையும் பார்த்தேன். நெய்வேலியில் தொழிற்சங்க அங்கீகாரத்துக்கு ரகசிய ஓட்டு நடத்தியிருக்கிறார்களே, அந்த மாதிரி ஒரு பெட்டி அங்கே இருந்திருந்தால் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று இன்னமும் தெரியவில்லை. மறுநாள் ஜெயித்தவருக்கு பேனர் கட்ட அப்பாதான் ஏணி தூக்கிக்கொண்டு போனார். கோபமாகக் கேட்டேன். "எண்ணிப் பாத்தாங்கல்லடா" என்றார். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்திலும் கட்சிக்காரர்கள் இப்படித்தான் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் கூடுவார்கள். 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு வேட்பாளர் பக்கமாக மூலைக்கு மூலை போய் நின்றார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை பெரும்பாலும் கலைய வேண்டியிருந்தது. அந்த ஆட்களை மற்ற மூலைக்காரர்கள் பேசி இழுத்தார்கள். அங்கிருந்தும் வட்டம், மாவட்டம், மாநிலம் என்று பிரதிநிதிகள் ஏணி ஏறுகிறார்கள். முடிவை அனுப்பச் செய்த மொபைல் ஆப் அன்று சொதப்பி, கணக்கு வெளிவர நாள்கணக்கில் ஆனது! கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் கவனிக்க. எங்கள் வேப்பமரத்தடியில் அரை மணியில் முடிந்துவிட்டது.

நம் மாணவர் பேரவையும் இதே முறைதானே? நாம் வகுப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறோம், அவர்கள் உள்ளே போய்த் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறோம். எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் வரும் ஆண்டுப் பிரதிநிதிக்கு மூன்று பேர் நிற்கிறார்கள். உள்ளே போய் யாருக்குப் போடப் போகிறாய் என்று மூவரையும் முன்கூட்டியே வகுப்பில் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். ஒருவன் சொல்லிவிட்டான். ஒருவன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். இன்னொருவன், "அதெல்லாம் ரகசியம்டா" என்கிறான். எண்ணிக்கை வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட். சீட்டுதான், கை தூக்குவது இல்லை.