பக்கத்து வீட்டு அத்தை

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று தோழியர் ஐவர் புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசலுக்கு மிதிவண்டியில் சென்றோம். ஏறத்தாழ 16 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பியும் பாதி வழியிலேயே வெயில் பிடித்துக்கொண்டது. நான்தான் கடைசி. முன்னால் சென்றவர்கள் மர நிழல்களில் நின்று நின்று என்னை அழைத்துச் சென்றார்கள்.

அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் மங்கலாகத் தெரிந்தது. மலர் கொய்யும் மனிதர்கள், மீன்கள், யானைகள். ஆண்டுதோறும் மாணவியருக்கு அவ்வோவியத்தை விளக்குபவள் நான். அன்று விளக்கம் வரவில்லை. வழியெல்லாம் அம்மாவே மனத்தில் இருந்தாள். அவளைப் பற்றித் தோழியரிடம் சொன்னேன்.

அறிவொளி இயக்கம் இம்மாவட்டப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த காலம். பெண்களுக்கான வண்டிகள் போதாமல் பலரும் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். 1992இல் அம்மாவும் அப்படித்தான் கற்றாள். ஒரு நண்பகல், சேலையை இழுத்துச் செருகியபடி, தூக்குவாளியில் சோற்றுடன் என் பள்ளி வாசலில் வந்து இறங்கினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “யாருடி அது?” என்றாள் ஒருத்தி. “பக்கத்து வீட்டு அத்தை” என்றேன்.

அம்மாவுக்குக் கேட்டிருக்கும். தூக்குவாளியைத் தந்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். மறுநாள் முதல் நடந்து வந்தாள். கடைசிவரை அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது சாலையோரச் சிறுவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது வலிக்கவே இல்லை. அம்மா வண்டியை விட்டது ஊர் சிரித்ததால் அன்று என்பது, நாற்பத்தைந்து வயதில், அந்தச் சாலையில்தான் எனக்கு விளங்கியது.