பதினோரு ஸ்பூன் மஞ்சள்

மஞ்சளும் மனச்சோர்வும் என்று தேடினால் சீக்கிரமே கண்ணில் படுவது ஒரு குஜராத் ஆய்வு. பாவ்நகர் அரசு மருத்துவக் கல்லூரியில் செய்தது, 2014-இல் வெளியானது. நோயாளிகள் 60 பேர், மூன்று குழு, ஆறு வாரம். ஒரு குழுவுக்கு ஃப்ளூஆக்ஸெட்டின் 20 மில்லிகிராம், இன்னொன்றுக்கு மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் 1000 மில்லிகிராம், மூன்றாவதற்கு இரண்டும். பலன் தெரிந்தவர்கள் முறையே 64.7, 62.5, 77.8 சதவீதம்.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு இது "மாத்திரைக்குச் சமம் மஞ்சள்" என்று சுருங்கி வந்து சேர்ந்தது. எங்களுக்கு நாமகிரிப்பேட்டை. மஞ்சள் ஏலம் நடக்கிற ஊர். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்துப் பேசுகிறவர்கள். பெருமை வராமல் இருக்குமா? அடுத்த வாரமே மாமா ஒரு டப்பாவோடு வந்தார். இங்கிருந்து மூட்டையாகப் போவது கேப்ஸ்யூலாகத் திரும்பியிருந்தது.

நான் எஸ்சிட்டலோப்ராம் ஆரம்பித்து அப்போது மூன்று வாரம். வீட்டிலிருந்தே வேலை. காலை மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்தபடியே "யெஸ், ஆன் ட்ராக்" என்பேன். எழுந்து குளிக்கப் போவதே மலையேற்றம். ஆனாலும் கணக்குப் போடும் புத்தி மட்டும் ஓய்வெடுக்கவில்லை. மஞ்சளில் குர்குமின் தோராயமாக 3 சதவீதம். 1000 மில்லிகிராம் வேண்டுமென்றால் 33 கிராம் தூள். ஸ்பூனுக்கு 3 கிராம் வைத்தால் தினமும் பதினோரு ஸ்பூன். ரசத்தில் போடுகிற சிட்டிகை இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

ஆய்வையும் முழுசாகப் படித்தேன். குழுவுக்கு 20 பேர்தான். இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் சாய்ந்தால் சதவீதம் புரண்டுவிடும். மூன்று குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது அல்ல என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. குறை சொல்லவில்லை, சின்ன ஆய்வு அப்படித்தான் இருக்கும். ஆனால் அதை நம்பி ஓடுகிற மாத்திரையை நிறுத்த முடியாது.

டப்பாவில் மிளகுச் சாறும் இருந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு, 1998. குர்குமினை மட்டும் 2 கிராம் விழுங்கினாலும் ரத்தத்தில் ஏறக்குறைய எதுவும் சேரவில்லை. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது 2000 சதவீதம் கூடியது. குடலும் ஈரலும் குர்குமினை மாற்றி வெளியே அனுப்புகிற வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. அதே வழியாகக் கழியும் மற்ற மருந்துகளும் அப்போது உடம்பில் தேங்கக்கூடும். மஞ்சள் கேப்ஸ்யூல் எடுத்தவர்கள் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

டப்பாவை மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரத்தப் பரிசோதனை எழுதினார். பி12 குறைவு. எங்கள் வீடு சைவம். பி12 இயற்கையாகக் கிடைப்பது அசைவத்திலும் பால், முட்டையிலும்தான். அதற்கு ஊசி போட்டார். "இது உங்களுக்குக் குறையுது, அதனால தர்றேன். அது உங்களுக்குக் குறையலையே." மாத்திரை அப்படியே தொடர்ந்தது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் செரி கண்ணு. மஞ்சளுன்னா கடையில யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்கல்ல?" என்றார்.

எங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர் அப்பாவோடு படித்தவர். சீட்டைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். சாயந்தரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பது அம்மாவின் பயம். அம்மா மஞ்சளிடம் எதிர்பார்த்தது குணத்தை அல்ல, மறைப்பை. நான் போட்ட பதினோரு ஸ்பூன் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

ஊசி போட்டபின் கை கால் அசதி கொஞ்சம் விட்டது. ஆறாவது வாரத்துக்கு மேல் காலையில் தானாக எழுந்தேன். எதனால் எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் மூன்று குழு இல்லை. மாத்திரை அட்டையை இப்போதும் ராசிபுரம் போய்த்தான் வாங்கி வருகிறோம்.