சத்தம் வராத பக்கம்

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு புளியமரத்தடியில் அந்த 108 வண்டி நிற்கும். ஓட்டுநரை இந்தத் தொழிலில் பைலட் என்கிறார்கள். பின்னால் இருப்பவர் ஈ.எம்.டி.; வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளர். நான் அனுமதி வாங்கிக்கொண்டு இரவுப் பணியில் உடன் போன வண்டியின் உதவியாளர் விலங்கியல் படித்த பெண், செஞ்சிப் பக்கம். பெயர் வேண்டாம் என்றார். பைலட்டுக்கு அவர் மேடம்; அவருக்கு பைலட் அண்ணன்.

தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். அதற்கு முன்பெல்லாம் அடிபட்டவரைக் கிடைத்த வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். அந்த அவசரம் நம் மனதைவிட்டு இன்னும் போகவில்லை. வண்டி வந்து நின்றதும் கூட்டம் ‘ஏத்து, ஏத்து, கிளம்பு’ என்கிறது. எத்தனை நிமிஷத்தில் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் நாமும் எடை போடுகிறோம். வந்த வண்டி நின்றுகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பார்க்கத்தான் நான் போனேன்.

முதல் அழைப்பில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிடந்தார். “மயக்கம் போட்டுட்டாரு, அவ்ளோதான்” என்றார்கள் வீட்டார். போலீஸ், ஊர்வாய் என்று அவர்களுக்கு ஆயிரம் பயம். உதவியாளர் மறுத்துப் பேசவில்லை. கையுறையோடு குனிந்து முகர்ந்தார். டார்ச்சை அடித்துக் கண்மணியைப் பார்த்தார். குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தபடி இருந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. “பாட்டில் எங்கம்மா இருக்கு? எடுத்தாங்க. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல, டாக்டருக்கு மட்டுந்தான்.” கொஞ்சம் தயங்கி, ஒரு பையன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஓடினான்.

பாட்டில் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு விளக்கினார். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து நுரையீரலைச் சளியால் நிரப்பிவிடும். ஆக்சிஜன் வேண்டும், சளி வற்றும்வரை அட்ரோபின் வேண்டும். அதுவே பாராக்வாட் களைக்கொல்லி என்றால், சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு, ரொம்பக் கீழே இறங்காத வரை ஆக்சிஜன் வைக்கக் கூடாது. கொடுக்கிற ஆக்சிஜனே அந்த விஷத்துக்குத் துணைபோய் நுரையீரலைக் கெடுக்கும். மூச்சுத் திணறுகிறவரைப் பார்த்தால் யாருக்கும் கை முகமூடியைத் தேடித்தான் போகும். அதை அடக்கிவைக்கப் பழகுவது இந்தத் தொழிலில் பெரிய படிப்பு என்றே எனக்குப் பட்டது.

இங்கே வந்த பாட்டில் பூச்சிமருந்து. உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்த பாட்டியைக் கையமர்த்தித் தடுத்தார். அரை மயக்கத்தில் வாந்தி எடுக்கவைத்தால் அது நேரே நுரையீரலுக்குள் இறங்கும். சட்டையைக் கழற்றி உடம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி, இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, உறிஞ்சுகுழாயால் வாயைச் சுத்தம் செய்தார். கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் கண்மணி, நாடித்துடிப்பு, சாச்சுரேஷன் எல்லாவற்றையும் ஒப்பித்து, அவர் சொன்ன அளவில் அட்ரோபினை ஏற்றினார். “ஊசியே போடாம என்னாத்துக்கு நிக்குது வண்டி?” என்று வேலிக்கு அப்பால் யாரோ கேட்டார்கள். ஊசி அப்போது போட்டாகிவிட்டது.

கேள்வி கேட்பதில் அவர் கெட்டிக்காரர். டாஸ்மாக் வாசலில் வேர்த்துக் கொட்டி உளறிக்கொண்டு கிடப்பவரை ஊரே குடிகாரன் என்று தாண்டிப் போகும். உதவியாளரோ விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் நகர மாட்டார். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தாலும் ஆள் அப்படித்தான் இருப்பான். குடித்தவனுக்கும் சர்க்கரை இறங்கும். விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழைப்பு வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ராத்திரி தரையிலயா படுத்தீங்க?” கட்டுவிரியன் தூங்குகிறவரைக் கடிக்கும், வலி பெரிதாக இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். பிறகுதான் கண்ணிமை தொங்கத் தொடங்கும். காலில் இறுக்கிக் கட்டிய கயிற்றைப் பார்த்ததும் சடாரென்று அறுத்துவிடக் கூடாது. தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பரவும். கல்லூரியில் படிக்கும்போது வடநெம்மேலியில் உள்ள, 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார்களாம். விஷமுறிவு மருந்து தயாரிக்க அங்கிருந்துதான் விஷம் போகிறது. அங்கே விஷம் எடுக்கும் நான்கு வகைப் பாம்புகளையும் கிட்டத்தில் பார்த்தது இப்போது உதவுகிறது என்றார்.

நள்ளிரவு தாண்டி, கூட்டேரிப்பட்டுப் பக்கம் விபத்து. பைக் தடுப்பில் மோதி இரண்டு இளைஞர்கள் கிடந்தார்கள். ஒருவன் “ஐயோ, காலு” என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். மற்றவனிடமிருந்து குறட்டைச் சத்தம் மட்டும். உதவியாளர் கத்துகிறவனைத் தாண்டிப் போனார். கூட்டத்துக்குக் கோபம்; ஒருவர் அவர் தோளைப் பிடித்தே இழுத்தார். “கத்தறான்னா மூச்சுக்குழாய் தொறந்திருக்கு, மூளைக்கு ரத்தம் போவுது. குறட்டை விடறவன் தூங்கலை சார், நாக்கு உள்ள விழுந்திருக்கு.”

சாதாரணமாக இப்படிக் கிடப்பவரின் தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் போதும். இவனுக்குக் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். பைலட் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் தாடையின் இரு கோணத்துக்குப் பின்னால் விரல் கொடுத்து முன்னுக்குத் தள்ளினார். குறட்டை நின்றது. கழுத்துப் பட்டை, பலகை, ஆக்சிஜன். கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் நினைவுள்ளவருக்கு 15. எதுவுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. இவனுக்கு 7. எட்டும் அதற்குக் கீழும் என்றால் தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாது. திண்டிவனம் பக்கம்தான் என்றாலும் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகச் சொன்னார்.

கால் முறிந்தவனுக்குக் கட்டை கட்டிப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்திருந்தார்கள். ஓடும் வண்டியில் ஒரு கை இவன் முகமூடியில், மறு கை அவன் மணிக்கட்டில்.

“என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?”

“தாகமா இருக்குக்கா. கொஞ்சம் தண்ணி குடுங்க.”

அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றின் இடப்பக்கம் ஹேண்டில்பார் இடித்த தடம். வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கினாலும் வெளியே ஒரு சொட்டு தெரியாது. இளவயது உடம்பு நாடியை விரட்டி விரட்டி பி.பி.யைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். விழுந்தால் ஒரேயடியாக விழும். அவனை அந்த இருக்கையிலேயே படுக்கவைத்து, நரம்பில் ஊசி ஏற்றி, “அண்ணே, முன்கூட்டியே சொல்லிடுங்க. ரெண்டு பேருமே ரெட்” என்றார்.

அவசரப் பிரிவில் டாக்டர் நேரே, ரத்த முகத்தோடு நினைவில்லாமல் கிடந்தவனிடம் போனார்.

“டாக்டர், அவனுக்கு மூச்சுப்பாதை சரியா இருக்கு, சாச்சுரேஷன் 96. முதல்ல இவனைப் பாருங்க. நாடி அங்க 96, வழியில 112, இப்ப 128.”

“பி.பி.?”

“அங்க 124க்கு 78. இப்ப 108க்கு 86.”

டாக்டர் வயிற்றில் கை வைத்து அழுத்திவிட்டு, ஸ்கேன் மெஷினை அங்கேயே தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். உதவியாளர் அதற்குள் அடுத்தவனின் தலைமாட்டுக்குப் போய், நர்ஸிடம் 7 என்று ஏன் போட்டேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.